தட்டில் வைக்க முடியாத பெட்டி

என் மகளின் காதுகுத்துக்கு என் அண்ணன் கொண்டுவந்த மாமன் சீரைப் பற்றி வத்தலக்குண்டில் எங்கள் தெருவில் இன்றைக்கும் பேச்சு வரும். இருபத்தொரு தட்டு, மாலை போட்ட கிடா, முன்னால் ஒரு டெம்போ, அதன் மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு. "அண்ணன்னா இப்பிடில்ல இருக்கணும்" என்று யாராவது ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்வது? ஒரு பழைய பெட்டிக்காகக் கூடப்பிறந்தவன்மேல் இவ்வளவு கோபமா என்று என்னைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெட்டியின் பெயர் சவுண்டு மாடூல். ஜப்பான்காரன் செய்தது, கறுப்பு, ஒரு அகராதிப் புத்தகத்தின் அளவு. முன்னால் ஒரு சின்னத் திரை, ஒரு திருகு, நாலைந்து பித்தான்கள். அதில் அழுத்தி வாசிக்கக் கட்டை கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, தானாக ஒரு சத்தமும் போடாது. கீபோர்டிலிருந்து ஒரு ஒயரைக் கொண்டுவந்து அதன் முதுகில் சொருகினால்தான் பேசும். நூற்றிருபத்தெட்டு வாத்தியம் உள்ளே. இது போக, நாமே சத்தம் செய்து சேமித்துக்கொள்ள கடைசியில் சில அறைகள், கம்பெனிக்காரன் மாதிரிக்கு ஏதோ போட்டு வைத்தவை.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் அப்படியொரு பெட்டி இரண்டு பேரிடமோ மூன்று பேரிடமோதான் இருந்தது. நான் மாதா கோயிலில் பாடகற்குழுவுக்குக் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பூசைகளுக்கு வாசித்தும், பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்தும் மூன்று வருஷம் சேர்த்து வாங்கியது அது. அண்ணனுக்கு நல்ல குரல். அவன் மைக்கும் டேப் டெக்கும் வாங்கினான். நாகல் நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறைக்கு மேலே அறை பிடித்து, சுவரெல்லாம் சாக்கு அடித்து, ஸ்டூடியோ என்று போர்டு மாட்டிவிட்டோம். கீழே நாள் முழுக்க அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். அதனால் பட்டறைக்காரர்கள் மதியம் சாப்பாட்டுக்கு எழுந்து போகிற ஒன்றரை மணி நேரத்தில்தான் எங்கள் ரெக்கார்டிங் எல்லாம் நடக்கும். அண்ணன் பசியோடு பாடியதால்தான் குரல் அவ்வளவு உருக்கமாக இருந்தது என்று நான் கிண்டல் செய்வேன்.

எங்கள் பிழைப்பு பெரும்பாலும் மாமன் சீர்ப் பாட்டுதான். காதுகுத்து, சடங்கு என்றால் தாய்மாமன் ஊர்வலமாகச் சீர் கொண்டுவருவான். வருகிறவனுக்குத் தன் பெயரைப் பாட்டில் கேட்க ஆசை. சிங்கம் வருது, சீமைத்துரை வருது என்று ஏற்றிவிட்டு நடுவில் மாமன் பெயரையும் பிள்ளை பெயரையும் சொருகிக் கொடுப்போம். மெட்டு மொத்தம் நாலுதான். நாலும் நான் போட்டவை. பெயர் மட்டும் மாறும். ஒருமுறை ஒரு மாமனுக்கு இன்ஷியலோடு சேர்த்துப் பெயர் இத்தனை நீளம். எந்த மெட்டிலும் அடங்கவில்லை. அண்ணன் அதைப் பாதியாக வெட்டி, மீதியை அடுத்த அடியில் பாடினான். மறுநாள் இரண்டு மாமன்கள் என்று நினைத்து ஊரில் குழம்பிவிட்டார்கள் என்று வந்து சண்டை போட்டார்கள்.

அந்தப் பெட்டியோடு வந்த சத்தங்களில் எங்களுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரன் ஊதும் பை இருந்தது, ஜப்பான்காரன் மீட்டும் தந்தி இருந்தது, ஹெலிகாப்டர் பறக்கும் சத்தம்கூட இருந்தது. நாயனம் இல்லை. உறுமி இல்லை. ஷெனாய் என்று ஒன்று இருந்தது. அதை அப்படியே வைத்து வாசித்தால் வடக்கே யாரோ செத்துப்போன மாதிரி இருக்கும்.

ஒரு ஆடி மாதம். விசேஷம் இல்லை, வேலையும் இல்லை. நான் அந்த அறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷெனாயையும் ஓபோ என்கிற மேல்நாட்டுக் குழல் ஒன்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். ஒன்றைக் கொஞ்சம் சுருதி விலக்கினேன். ஊதத் தொடங்கும்போது வரும் அந்த இழுப்பு, கட்டையை அழுத்தி அழுத்தி எண்களை மாற்றி மாற்றி, பதினேழு நாள் கழித்து வந்தது. உறுமிக்குப் பெரிய கொட்டு ஒன்றை எடுத்து அதன் சுருதியை வழுக்கவிட்டேன். இப்படி ஏழு சத்தம். அந்தக் கடைசி அறைகளில் அடுத்தடுத்து வைத்து, திரையில் ஆங்கில எழுத்தில் நாயனம், உறுமி என்று பெயர் அடித்தேன். அந்த ஆடி மாதம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, இதை என் வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை.

ஆவணியில் முதல் சீர்ப் பாட்டு அந்த நாயனத்தோடு போனது. கேட்டுவிட்டு, எந்த ஊர் மேளக்காரரைக் கூட்டிவந்து வாசிக்க வைத்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டார்கள். அண்ணன் ஒருவருக்கும் சொல்லவில்லை. "தொழில் ரகசியம்" என்று மீசையைத் தடவிக்கொண்டான். கேசட் அட்டையில் பாடல், இசை இரண்டும் அவன் பெயரில்தான் இருக்கும். பொம்பளைப் பிள்ளை பெயரைக் கேசட்டில் போட்டால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவன் என்ன நினைப்பான் என்று வீட்டில் சொன்னார்கள். அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. பெட்டிக்குள் இருந்தது என் கை. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

பாட்டையெல்லாம் ஃப்ளாப்பியில் சேமிப்போம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஃப்ளாப்பியில் இருப்பது பாட்டு அல்ல. எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்த வேண்டும், எத்தனையாம் நம்பர் வாத்தியத்தில் வாசிக்க வேண்டும் என்கிற குறிப்பு மட்டும்தான். மிடி என்பது அவ்வளவுதான். மளிகைச் சீட்டு மாதிரி. சீட்டை வாயில் போட்டுக்கொள்ள முடியாது. சத்தம் பெட்டியில்தான் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஏழு சத்தத்தையும் தனியாக ஒரு ஃப்ளாப்பிக்கு எடுத்துவைக்க வழி இருக்கிறது என்று பெட்டியோடு வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் போட்டிருந்தது. ஒரு மணி நேர வேலை. நாளைக்குச் செய்யலாம், அடுத்த வாரம் செய்யலாம் என்று நாலு வருஷம் ஓட்டினேன். என்மேலும் எனக்குக் கோபம் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றொன்பதில் எனக்குக் கல்யாணமாகி வத்தலக்குண்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் டைப்பிங்கும் வைத்திருந்தார். வீடு சின்னது. பெட்டியை எடுத்துவருவதா வேண்டாமா என்று பேச்சு வந்தபோது அண்ணன் சொன்னான்:

"இங்கனயே கெடக்கட்டும் பாப்பா. ஒன் பொருளு எங்க போகப் போகுது? வாரப்பல்லாம் வந்து வாசிச்சுக்க."

எனக்கும் அது சரியென்று பட்டது. கூடப்பிறந்தவனிடம் இருப்பதைவிடப் பத்திரம் ஏது?

இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அண்ணன் அதைத் துடைத்துத் துடைத்துக் காட்டினான்.

"பொட்டி வேணாம், ஒயரு வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லா வாத்தியமும் உள்ளயே இருக்கு. அதே நூத்தி இருவத்தெட்டு. நம்பர் கூட அதேதான். கம்ப்யூட்டர் வாங்குனா சும்மாவே வருது!"

அவன் மவுஸால் ஒவ்வொரு சுரமாகக் குத்திக் குத்திப் பாட்டுப் போடுவான். என்னிடம் கீபோர்டை அதில் மாட்டிக் கொடுத்து வாசிக்கச் சொன்னான். அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த கட்டைக்குக் கை போன பிறகு முதல் கட்டையின் சத்தம் வந்தது. துபாய்க்கு ஐ.எஸ்.டி. பேசும்போது நம் குரலே திரும்பக் கேட்குமே, அந்த மாதிரி. நான் வாசிக்க, எனக்குப் பின்னால் வேறொருத்தி வாசித்துக்கொண்டு வந்தாள். இரண்டு நிமிடத்தில் எனக்குக் கை தடுமாறி, தாளத்தை விட்டு வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"தாமதமா வருதேண்ணே."

"எங்க? எனக்கு வரலையே" என்றான். மவுஸால் குத்துகிறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் பொய் சொல்லவில்லை.

அன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன். கம்ப்யூட்டரின் வயலின் கொசு மாதிரி இருந்தது. ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்தால் அரை வினாடித் துண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சுற்றுவது காதில் நன்றாகவே கேட்டது. மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே சுபாவம், சத்தம் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான். பெட்டியில் ஓங்கி அழுத்தினால் நாயனக்காரன் மூச்சுப் பிடித்து ஊதுவது மாதிரி குரலே மாறும். நான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். நியாயமாகச் சொன்னால் பெட்டியிலும் குறை இல்லாமல் இல்லை. ஸ்... என்று எப்போதும் ஒரு இரைச்சல் அடியில் ஓடும். ஒரே சமயத்தில் இருபத்தெட்டு சுரத்துக்கு மேல் தாங்காது, மேளம் கனக்கும் இடத்தில் பின்னால் வயலின் அறுந்து அறுந்து போகும். ஒயர் கொஞ்சம் ஆடினால் செத்துவிடும். கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. இரைச்சல் இல்லை, பாட்டும் சத்தமும் ஒரே இடத்தில் இருக்கும், போன மாதம் போட்ட பாட்டை இன்றைக்குத் திறந்தாலும் அப்படியே இருக்கும். இதையெல்லாம் அண்ணன் சொன்னான். நானும் ஒப்புக்கொண்டேன்.

"ஆனா அதுல என் நாயனம் இல்லையேண்ணே."

"செனாய் இருக்குல்ல? எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. கொழாய் ஸ்பீக்கர்ல போட்டா எவனுக்குத் தெரியப் போகுது?"

இந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அன்றைக்கே சுருக்கென்றது. நான் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்க வேண்டும். பெட்டியை அன்றைக்கே பையில் போட்டு பஸ் ஏறியிருக்க வேண்டும். போடவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை, இடுப்பில் ஒன்று, தோளில் ஒரு பை. பெட்டியை எந்தக் கையில் தூக்குவது?

மகளுக்கு மூன்று வயது முடியப்போகிற சமயம் காதணி விழாவுக்கு நாள் குறித்தோம். சீர் என்னென்ன வைக்க வேண்டும் என்று கேட்க அண்ணன் வத்தலக்குண்டு வந்தான். அதற்குள் வீட்டுக்காரர் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். கடைக்கு மேலே ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. பெட்டி வந்தால் அங்கே வைத்து நானே சீர்ப் பாட்டுப் போடலாம், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போடலாம் என்று நாங்கள் இருவரும் பேசிவைத்திருந்தோம். எனக்கு மறுபடி வேலை செய்ய வேண்டும். வெறி பிடித்த மாதிரி அந்த ஆசை இருந்தது. அதனால் அண்ணனிடம் நேராகவே கேட்டேன்.

"சீரு கீரு ஒண்ணும் பெருசா வேணாம்ணே. பழம் பூவு போதும். அந்தப் பொட்டிய மட்டும் ஒரு தட்டுல வச்சுக் கொண்டுவந்து குடு. அதான் எனக்குச் சீரு."

 அண்ணன் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி பாப்பா. ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன்" என்றான்.

விழா அன்று நான் மண்டபத்து வாசலில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீர் திண்டுக்கல் ரோட்டுப் பக்கமிருந்து வருகிறது என்று சொன்னார்கள். தூரத்தில் டெம்போ தெரியும் முன்னே பாட்டுக் கேட்டது. அண்ணன் குரல். என் மெட்டு, நாலில் முதலில் போட்டது, எனக்கு ரொம்பப் பிடித்தது. நாயனம் நுழைகிற இடம் வந்தது.

நாயனம் வரவில்லை. பியானோ வந்தது.

உறுமி வர வேண்டிய இடத்திலும் பியானோ. தாழ்ந்த கட்டையில் டொங், டொங் என்று யாரோ பிள்ளை கையால் தட்டுகிற மாதிரி. எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் சத்தங்கள் இருந்த அறைகள் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. இல்லாத அறையைக் கேட்டால் அது முதல் வரிசைக்குத் தாவி அங்கே இருக்கும் பியானோக்களை எடுத்துப்போடும். அண்ணன் என் பழைய ஃப்ளாப்பியை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, அது வாசித்ததை அப்படியே பதிந்து, மேலே பாடிவிட்டான். பெட்டி கையில் இருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. தங்கச்சி வீட்டுச் சீருக்கே நாயனம் இல்லையென்றால் பெட்டி இல்லை என்று அர்த்தம். கிடாவைப் பார்க்கும் முன்னே, ஒரு தட்டைக்கூடப் பார்க்கும் முன்னே, எனக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற என் மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"ஏத்தா, ஒங்க அண்ணன் பாட்டுல பியானால்லாம் வச்சிருக்காக! பெரிய எடத்துப் பாட்டுக் கெணக்கா இருக்கு."

தெருவில் இளவட்டங்கள் துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. அண்ணன் சொன்னது சரிதான், குழாய் ஸ்பீக்கரில் எவனுக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே கொடுத்தேன். ஆப்பிள், மாதுளை, பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, பால் பவுடர் டப்பா. இருபத்தொரு தட்டு வாங்கும் வரைக்கும், ஒருவேளை இருக்குமோ, ஒருவேளை இருக்குமோ என்று அடுத்த தட்டை எட்டி எட்டிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. கடைசித் தட்டில் வளையலுக்கு நடுவே ஒரு சி.டி. இருந்தது, பிளாஸ்டிக் உறையில், சுற்றிலும் மல்லிகைப் பூ வைத்து.

அண்ணன் என் மகளை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி காதைத் தொட்டதும் அவள் வீறிட்டாள். அவளோடு சேர்ந்து அவனும் அழுதான். நிஜமாகவே அழுதான், கன்னத்தில் வழிய வழிய. அவன் ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

பந்தி நடக்கும்போது அவனைப் பாத்திரம் கழுவுகிற இடத்துப் பக்கம் கூட்டிப்போனேன்.

"பொட்டி எங்கண்ணே?"

"அதச் சொல்லணும்னுதான் இருந்தேன். சபையில தட்டுல பழைய பொட்டிய வச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க சொல்லு? பழைய இரும்புக்குப் போற மாதிரி இருக்கு, ஓரமெல்லாம் பெயிண்டு போயி. ஒன் மாமியா வீட்டுல ஒனக்கு மரியாதை வேணாமா? அதான் அத வெலைக்குக் குடுத்துட்டு, பிள்ளைக்குக் கம்மலக் கொஞ்சம் கனமாவே எடுத்துட்டேன். பாத்தேல்ல? செகப்புக் கல்லு."

நான் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டேன்.

"அதுக்காக ஒன்னிய விட்டுருவேனா? அந்த சி.டி.ல எல்லாச் சவுண்டும் இருக்கு. நூத்தி இருவத்தெட்டும். மாப்ள கடைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்க. எடையே இல்ல பாரு!"

"அது என் பொட்டிண்ணே."

"அதுக்குத்தான ஒன் பிள்ளைக்கே போட்டேன்? நான் என்ன என் வீட்டுக்கா எடுத்துக்கிட்டேன்?"

 என் பெட்டி என் மகளின் காதில் தொங்குகிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஏந்தாயி, விசேச வீட்ல கண்ணக் கசக்கிக்கிட்டு?" என்றாள். சந்தோஷத்தில் அழுகிறது என்று அண்ணனே அவளுக்குச் சொன்னான்.

அந்த சி.டி.யைக் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அதே கொசு வயலின், அதே தாமதம். கல்யாணமாகி வரும்போது நகல் எடுத்துவந்த என் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாலு மெட்டையும் ஆளுக்குத் தக்கபடி மாற்றி மாற்றி வாசித்த நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டு. ஒவ்வொன்றிலும் என் கை அழுத்தியது அப்படியே இருந்தது, எங்கே இழுத்தேன், எங்கே விட்டேன், எல்லாம். வாசித்ததெல்லாம் பியானோ. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான இருக்கு?" என்றார். அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை.

நாயனத்தைக் கம்ப்யூட்டரில் மறுபடி செய்ய முடியாதா என்று யாரும் கேட்கலாம். அந்தச் சும்மா வந்த சாஃப்ட்வேரில் ஒரு சத்தத்துக்குள்ளே கைவிட முடியாது. கொடுத்ததை வாசிக்கலாம், அவ்வளவுதான். பெட்டியில் நான் மாற்றிய எண்களும் எனக்கு நினைவில்லை. பதினேழு நாள் காதால் கேட்டுக் கேட்டுத் திருகியதை எப்படி நினைவு வைப்பது?

ஒரு வாரம் கழித்து அண்ணனுக்குப் போன் செய்து, பெட்டியை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன். ஒட்டன்சத்திரத்தில் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற ஒருவர் என்று சொல்லி விலாசம் கொடுத்தான். எனக்குப் பெட்டி திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை, அது அவர் காசு கொடுத்து வாங்கியது. ஒரு மணி நேரம் போதும். ஏழு சத்தத்தையும் ஃப்ளாப்பிக்கு எடுத்துக்கொண்டால் போதும். என்றைக்காவது இன்னொரு பெட்டி வாங்கினால் அதில் ஏற்றிக்கொள்ளலாம். பெட்டியோடு வந்த புத்தகம் என்னிடம்தான் இருந்தது. அதன் கடைசிப் பக்கங்களை இந்த முறை மூன்று தடவை படித்தேன். மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, புது ஃப்ளாப்பி நாலு, ஒயர் இரண்டு, எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு திண்டுக்கல் போய் பஸ் மாறி ஒட்டன்சத்திரம் போனேன்.

ஆர்கெஸ்ட்ராக்காரர் நல்ல மனிதர். வீட்டில் முன்னறையிலேயே கீபோர்டு, தபேலா, மைக் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். நடுவில் என் பெட்டி. பூப்போட்ட துணி போட்டு மூடி வைத்திருந்தார். துணியை எடுத்தபோது பார்த்தேன், பெயிண்டு போன ஓரத்துக்கெல்லாம் கறுப்பு அடித்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க அம்மிணி, தாராளமா எடுத்துக்கங்க" என்று ஒயரை மாட்டக்கூட எழுந்துவிட்டார். அப்புறம் நின்றார். "ஏனுங்க, கடேசில இருந்துச்சே, நாயனம் கீயனம்னு, அதுங்களா?"

"ஆமாங்க."

"அடடா. அது கம்பெனி சவுண்டு இல்லீங்களே. புஸ்தகமும் இல்ல, எங்க பையனுக்கு ஒண்ணும் பிடிபடலீங்க. யாரோ போட்டுக் கொழப்பி வச்சிருக்காங்கன்னு, வந்த அன்னிக்கே ரீசெட் போட்டுட்டமுங்க. ரெண்டு பித்தானை அமுக்கிப் பிடிச்சா அஞ்சு நிமிசங்கூட ஆவல. இப்பப் பாருங்க, புதுசாட்டம் ஆயிருச்சு."

நான் பெட்டியின் முன் உட்கார்ந்து திருகைத் திருகினேன். கடைசி அறைகள் வரை போனேன். ஏழு அறையிலும் கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள். நாயனம் இருந்த அறையை அழுத்திப் பார்த்தேன். பியானோகூட இல்லை, ஏதோ மணிச் சத்தம்.

"நீங்க வாசிப்பீங்களாக்கு?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன்.

காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். வேண்டுமானால் அண்ணனுக்குக் கொடுத்த விலைக்கே பெட்டியைத் திருப்பித் தருவதாக அந்த மனிதர் இரண்டு முறை சொன்னார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெட்டிக்கடையில் காயின் போன் இருந்தது. அண்ணனுக்கு அடித்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று நடந்து வருகிற வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அவன் எடுத்ததும், பின்னால் பட்டறையில் அரம் ராவுகிற சத்தம் கேட்டது.

"பொட்டியப் பாத்தேண்ணே."

"அப்பிடியா? எப்பிடி வச்சிருக்காரு?"

"புதுசு மாதிரி வச்சிருக்காரு."

"பாத்தியா! நான்தான் சொன்னேன்ல பாப்பா. நல்ல ஆளாப் பாத்துத்தான் குடுத்தேன். கண்டவன் கையில குடுப்பேனா, ஒன் பொருள?"

அவன் குரலில் அவ்வளவு நிம்மதி. நேரம் முடிகிறது என்று போனில் டொக் டொக் என்று சத்தம் வந்தது. என் கையில் இன்னும் மூன்று ஒரு ரூபாய்க் காசு இருந்தது. லைன் அறுகிற வரைக்கும் அவற்றைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.